நம் பிள்ளைகளின் கையும் கருத்தும்
(பினாங்கு ஜார்ஜ்டவுனில் கிளைப் பொறுப்பாளர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பள உயர்வுமல்ல, போனசுமல்ல. நம் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக் கலையின் அரிச்சுவடியைக் கையால் செய்து பார்க்கும் முறையில் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே. சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். நாளை நம் பிள்ளை எந்த நாற்காலியில் உட்காரப் போகிறான், எந்த மேசையில் வேலை செய்யப் போகிறாள் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

பினாங்கின் கதை நமக்குத் தெரியாததல்ல. 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டுக் கம்பெனிகள் முதலில் வந்து இறங்கின. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை இங்கேதான் எழுந்தது. அந்த ஆலை வரிசைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பூதக்கண்ணாடி வழியே பார்த்து, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு பிணைத்தது அவர்கள் கை. அந்தச் சில்லு என்ன செய்கிறது என்ற அறிவோ வேறிடத்தில் இருந்தது. அவர்கள் வட்டார அளவில் சங்கம் அமைக்கவே 2009-இல்தான் வழி பிறந்தது.

பால்மரத்தின் கதையும் இதுவே அன்றோ? உளி பட்டைக்குள் ஆழ இறங்க வேண்டும். உள்ளிருக்கும் வளர்படையில் காயம் படலாகாது. நூலிழைக் கணக்கு அது. அவ்வளவு நுட்பமான கை நம்முடையது. ஆனால் கை மட்டும் நம்மிடமும், தொழிலின் கணக்கும் காரணமும் பிறரிடமும் இருந்தவரையில், அந்தக் கைக்குக் கிடைத்த விலை என்னவென்று நம் தாய் தந்தையரைக் கேட்டால் சொல்வார்கள். தோட்டமாய் இருந்த பத்து காவானில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. இரண்டாவது பாலமும் 2014-இல் திறந்தாயிற்று. நிரை பிடித்த இடத்தில் ஆலை வந்துவிட்டது. கை மட்டும் கொடுத்துவிட்டு வருவதா, கருத்தையும் சேர்த்துப் பெறுவதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இதற்கு நகரத்தில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. இதே ஜார்ஜ்டவுனில் பினாங்கு சயின்ஸ் கிளஸ்டர் என்னும் அமைப்பு, ஆலைகளின் துணையோடு, பிள்ளைகள் கருவிகளைத் தொட்டுச் செய்து பழகப் பட்டறை நடத்தியது. 2016-இல் கொம்தார் கட்டடத்துக் குவிமாடத்தில் டெக் டோம் திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளை வருஷத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வந்து, பொத்தானை அழுத்தி, வியந்து திரும்பினால் அது பார்வையே, படிப்பாகாது. வாரந்தோறும் அவன் கையில் சாமான் இருக்க வேண்டும்.

என்ன சாமான்? ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, துளைப்பலகை ஒன்று. இந்தப் பலகையில் ஈயம் பற்றவைக்கத் தேவையில்லை. காலைச் செருகினால் போதும். எல்.இ.டி.யின் நீளக் கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் எரியாது. ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் கருகிப் போகும். ஏன்? ஒன்பது வோல்ட்டில் விளக்குக்கு ஏறத்தாழ இரண்டு போதும். மீதி ஏழை ரெசிஸ்டர் தாங்குகிறது. ஏழை 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். விளக்குக்கு அளவான மின்னோட்டம். வகுத்தல் கணக்கு எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு அந்த விளக்கே விடை சொல்லும்.

அடுத்து ஒரு மழை மணி செய்யலாம். மரம் வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் உள்ள பால் வீணாகும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டுவதில்லை. ஓர் அட்டையில் இரண்டு வெற்றுக் கம்பிகளை நெருக்கமாக, ஒன்றையொன்று தொடாமல் பதிக்க வேண்டும். மழைத்துளி விழுந்தால் அவற்றினூடே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். மணி அடிக்க அது போதாது. அதை ஒரு டிரான்ஸிஸ்டருக்குக் கொடுத்தால், அது பேட்டரியின் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கிறது, மணி ஒலிக்கிறது. மடையைத் திறக்கும் கை சிறிது. பாயும் வெள்ளம் பெரிது. இன்றைய சில்லு ஒன்றுக்குள் கோடிக்கணக்கில் இருப்பதும் இதே டிரான்ஸிஸ்டர்தான்.

மணி முதல் தடவையே அடிக்காது. அதுதான் நல்ல பாடம். ஆசிரியர் உடனே கை நீட்டிச் சரிசெய்யக் கூடாது. பேட்டரி நல்லதா, கால்கள் சரியான திசையிலா, எந்தக் கம்பி நழுவியது என்று வரிசையாய்ப் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கோவை ஜி. டி. நாயுடு, சம்பாதித்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித்தானே இயந்திரம் கற்றார்! பிரிக்கவும் பிழை தேடவும் துணிந்தவன் ஆலையில் பொத்தான் அழுத்துவதோடு நின்றுவிட மாட்டான்.

“பரீட்சை கெட்டுப்போகுமே” என்று சில பெற்றோர் சொல்வார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் பரீட்சை கெடாது. “ஷாக் அடிக்குமே” என்பார்கள் தாய்மார்கள். நியாயமான பயம். ஆகவே பேட்டரி மட்டுமே; சுவர் மின்சாரத்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது என்பது முதல் விதி. “செலவு?” என்பார் பொருளாளர். ரெசிஸ்டர் ஒன்று சில காசுதான். பலகையைக் கழற்றிக் கழற்றிப் பல வருஷம் பாவிக்கலாம்.

ஆகையால் நாங்கள் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு கிளையும் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை போடட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பலகை. இருவரும் மாறி மாறிச் செய்ய வேண்டும். பெண் பிள்ளைகள் எழுதுவதற்கும் ஆண் பிள்ளைகள் செய்வதற்கும் என்ற பிரிவினை வேண்டாம். செய்ததைத் தமிழில் குறிப்பெழுதட்டும். மலாய்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். போட்டிக்கென்று மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைக்கும் வழக்கம் இங்கே நுழையக் கூடாது. ஆலையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து உதவ வேண்டும். கேடயம் வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும்.

இதோ, இந்தத் தீர்மானத்தைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். கை தட்டி விட்டுப் போய்விடாதீர்கள்; எந்தக் கிளை எந்தச் சனிக்கிழமை தொடங்கும் என்று இங்கேயே பெயர் கொடுங்கள்.