சுகாதாரச் சட்டம் யாருடைய வாசலில் நிற்கிறது?

(நிந்தவூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே மணல். இந்த மணலிலேதான் நமது கிணறுகளும் இருக்கின்றன, மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன. சில முழம் தோண்டினால் நீர் ஊறும் இம்மண், மேலே விடுவதையும் தடுக்காமற் கீழே இறக்கிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டுமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும்பொழுது, நம்மை வருத்துவதற்காகக் கூறவில்லை; மண்ணின் குணமறிந்து கூறுகின்றார். ஆனால், ஒரே வளவை மூன்று பெண்மக்களுக்குச் சீதன வீடாகப் பகிர்ந்து கொடுக்கும் வழக்கமுள்ள ஊரிலே ஐம்பது அடிக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியைக் கேளாமற் சட்டம் பேசுவோரிடம் எனக்கு மதிப்பில்லை. வளவைப் பிரிக்கும் அன்றே குழி எங்கே, கிணறு எங்கே என்று குறித்துவிட வேண்டும். அயல் வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இடம் போதாதெனில் அடியும் சுவரும் சீமெந்தினால் அடைத்த தொட்டி கட்டுவதும், குடிநீரைக் கொதிக்க வைப்பதும் அன்றி வேறு வழியில்லை.

சட்டங்கள் புதியனவல்ல. வெள்ளையர் ஆட்சியில் 1862 இல் தொல்லைகள் கட்டளைச் சட்டமும், 1897 இல் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமும் பிறந்தன. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. சுதந்திரத்தின் பின் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் வந்தன. குறை சட்டத்தில் இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை எங்கே இருக்கிறதென்று காட்டவே வந்தேன்.

நுளம்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகரம், போத்தல், சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றை அகற்றும் கடமை வளவின் சொந்தக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ உரியது என்கிறது அது. அந்த ‘ஓ’விலேதான் வம்பு இருக்கிறது. சொந்தக்காரர் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கின்றார். பீலி அடைத்து நீர் தேங்கியதற்கும், பாழ்க்கிணறு மூடப்படாததற்கும் அகப்படுபவர் வாடகைக்கு இருக்கும் ஆசிரியர்! வேற்றூரில் நானே இவ்விதம் பதில் சொல்லி நின்றவன். வீட்டுக்காரர் மாதத்தின் முதல் திகதியன்று மாத்திரம் உயிரோடு இருப்பார். சிரட்டையைக் கவிழ்ப்பது குடியிருப்பவர் கடமை; கிணற்றையும் பீலியையும் குழியையும் திருத்துவது சொந்தக்காரர் கடமை என்று வாடகை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். அறிவித்தல் கொடுக்கும் உத்தியோகத்தரும் சொந்தக்காரர் பெயரைக் கேட்டு எழுதட்டும்.

2017 இல் இந்நாட்டில் டெங்கு நோயாளராகப் பதிவானோர் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேல். மலேரியாவின் கதையோ இன்னும் கசப்பானது. 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. வென்றுவிட்டோமென்று கையைத் தளர்த்தினோம். 1968, 1969 ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா ஒழிப்புச் சான்றிதழ் 2016 இலேதான் நமக்குக் கிடைத்தது.

கமக்காரத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்போகச் சேற்றிலே எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலிலுள்ள சிறு கீறல் போதும், எலிக்காய்ச்சல் புகுந்துவிடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே இதற்கான தடுப்பு மாத்திரை உண்டு. வயலில் இறங்குமுன் கேட்டுப் பெறுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் மறவாமற் சொல்லுங்கள்.

இனி உணவுக் கடைகள். நோன்பு மாதத்து மாலையிலே தெருவோரம் கஞ்சியும் சிற்றுண்டியும் விற்போரை நான் குறைகூறேன். பலருக்கு அம்மாதமே பிழைப்பு. கண்ணாடிப் பெட்டிக்கு மூடி, பரிமாற இடுக்கி, எந்தக் கிணற்று நீர் என்பதற்கு நேர்மையான விடை: சிறு கடையால் முடியாதவை அல்ல இவை. முடியாதது வேறொன்று: அயலிலுள்ள பெரிய கடையின் கழிவுநீர் வாய்க்காலில் ஓடுவதைக் கண்டும் காணாததுபோல் விட்டு, வண்டிக்காரன்மீது மாத்திரம் பாயும் சட்டத்தைச் சகித்துக்கொள்வது! ஒன்றை நினைவில் வையுங்கள். உணவுச் சட்டத்தின்கீழ்த் தண்டம் விதிப்பவர் பரிசோதகர் அல்லர், நீதவானே. கடை வாசலிலே கைமாறும் பணத்துக்குத் தண்டம் என்று பெயரில்லை.

வியாபார அனுமதிப்பத்திரம் வழங்குவது பிரதேச சபை. கடையைப் பார்வையிடுபவரோ சுகாதாரத் திணைக்களத்தவர். ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்ப இது நல்ல வசதி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, 2025 மே 6 ஆந் திகதியே தேர்தல் வந்தது. இடையிலே வாய்க்கால் நாறினால் யாரிடம் முறையிடுவது? செயலாளரிடம் மனுக் கொடுத்துவிட்டு காத்திருந்தோம்.

இப்பொழுது உறுப்பினர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. சபையின் துணைவிதிகள் வர்த்தமானியில் உறங்குகின்றன. அவற்றை எளிய தமிழில் அச்சிட்டுப் பள்ளிவாசல்களிலும் சந்தையிலும் ஒட்டுங்கள். பரிசோதகர் ஒவ்வொரு வீதியிலும் எத்தனை அறிவித்தல் கொடுத்தார், அவற்றுள் சபைக்குச் சொந்தமான வாய்க்கால்களுக்கும் மடுவத்துக்கும் எத்தனை என்பதை மாதக் கூட்டத்திலே வாசியுங்கள். அதைக் கேட்பதற்குப் பொதுமக்கள் ஆசனங்களிலே நாம் பத்துப் பேராவது சென்று அமர வேண்டும். வருவோர் தம் பெயரை இக்கூட்டம் கலையுமுன் தலைவரிடம் கொடுக்கலாம்.