மஞ்சள் சீட்டும் வெள்ளைச் சீட்டும்

(நமது குடியிருப்பு நூலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நூலகப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

கிளப் ஹவுஸ் மாடியில் ஏசி இல்லாத ஒரே அறை நம் நூலகம்தான். அங்கே கூடியிருக்கும் உங்களுக்கு முதலில் நன்றி.

உள்ளே வரும்போது கதவில் சில சீட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் சீட்டு 13 முதல் 19 வயது வரை உள்ள நம் பிள்ளைகள் எழுதியது. வெள்ளைச் சீட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் எழுதியது. கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்த ஒரு நாவலைச் சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

மஞ்சள் சீட்டில் பெரும்பாலும் ஆங்கில நாவல்கள், வெள்ளையில் தமிழ் நாவல்கள். இது எதிர்பார்த்ததுதான். வித்தியாசம் அந்த ஒரு வரியில் இருந்தது. எங்கள் சீட்டுகளில் "அனைவரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்", "காலத்தை வென்ற படைப்பு". ஒரு பையன் எழுதியது: "முதல் நாலு சாப்டர் போர். பொறுத்துக்கோங்க. அப்புறம் நைட் தூங்க முடியாது." நீங்களே சொல்லுங்கள், எந்தப் புத்தகத்தை எடுப்பீர்கள்?

அதனால் வெள்ளைச் சீட்டுகளை மறுபடி எழுதினோம். பொன்னியின் செல்வனை விட்டுவிட்டோம். ஐந்து பாகமும் அலமாரியில் இருக்கிறது, படமும் இரண்டு பாகம் வந்துவிட்டது, அதற்கு எங்கள் சிபாரிசு தேவையில்லை.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சீட்டில் இப்போது இருப்பது இதுதான்: "நூறு பக்கம்கூட இல்லை. கிட்டத்தட்ட முழுக்கதையும் ஒரே நாள் ஜல்லிக்கட்டு. அப்பாவைக் கொன்ற காளைக்காக மகன் காத்திருக்கிறான்." 1959-இல் வந்த நாவல். சென்ற மாதம் இரண்டு பேர் எடுத்துப் போனார்கள். இரண்டு பேரும் கிரிக்கெட் பையன்கள்.

அந்தப் பையன்களுக்கே அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலும் பொருந்தும். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன், கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் விளையாடுகிறான். வெளியே 1947, 48. நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று ஊர் கொந்தளிக்கிறது. நேற்றுவரை சேர்ந்து விளையாடியவர்கள் இன்று முகம் திருப்புகிறார்கள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடியும் சரித்திரத்தை அந்த வயதுப் பையனின் கண்ணால் பார்க்கலாம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பற்றி அதிகம் சொல்லவேண்டாம், ஜீனோ என்ற இயந்திர நாயை உங்களில் பலருக்குத் தெரியும். 1980களில் எழுதியவர் கதையை 2021-இல் வைத்தார். அந்த வருடத்தை நாம் தாண்டிவிட்டோம். அவர் சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வீட்டில் சண்டை போட நல்ல புத்தகம்.

இனி சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பூமணியின் 'வெக்கை'யைப் பட்டியலில் வைத்ததற்கு இரண்டு பெற்றோர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள். "பதினைந்து வயசுப் பையன் கொலை செய்யற கதையைப் பதினைந்து வயசுப் பையனுக்குக் கொடுக்கலாமா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கவலை, அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் 1982-இல் வந்த இந்த நாவல்தான் 2019-இல் 'அசுரன்' படமானது. அதை நம்மில் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தே பார்த்தோம். படத்தில் அப்பாதான் நாயகன். நாவலில் அந்தப் பையன், சிதம்பரம். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிவதும், கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், அண்ணனைப் பறிகொடுத்த வீட்டை நினைத்துக் கொள்வதும்தான். அடிதடி வேண்டும் என்று எடுப்பவனுக்கு ஏமாற்றம்தான். ஒரு தகப்பன் மகனைத் திட்டாமல் பக்கத்திலேயே இருப்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன நாவல் நான் படித்த வரையில் குறைவு. அதை அலமாரியிலிருந்து எடுக்க எனக்குச் சம்மதமில்லை. வேண்டுமானால் பெற்றோர் முதலில் படியுங்கள், பிறகு பேசுவோம். செயற்குழுவிடமும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு தடை உண்டு. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் பள்ளியில் செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தியோ பிரெஞ்சோ. எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. இதற்காக அவர்களைக் கேலி செய்யாதீர்கள், மொழியைத் தேர்ந்தெடுத்தது நாம். 'வாடிவாசல்', 'வெக்கை' இரண்டுக்கும் என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அசோகமித்திரன் நாவலும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. மூன்றையும் வாங்க இந்த ஆண்டு பட்ஜெட்டில் கேட்டிருக்கிறோம். அதுவரை சனிக்கிழமை மாலைகளில் பெரியவர் யாராவது ஒருவர் 'வாடிவாசல்' நாவலை உரக்கப் படித்துக் காட்ட முன்வந்தால் உபகாரம். மதுரைப் பக்கத்துக்காரர் என்றால் இன்னும் நல்லது, அந்தப் பேச்சு வழக்கு எங்கள் வாயில் வராது.

இப்போது மஞ்சள் சீட்டுகள். 'தி புக் தீஃப்' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மார்க்கஸ் சூசாக் எழுதி 2005-இல் வந்தது. ஹிட்லர் கால ஜெர்மனி, வளர்ப்புப் பெற்றோரிடம் வரும் ஒரு சிறுமி, ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வளர்ப்புத் தந்தை. கதையைச் சொல்வது மரணம். பி பிளாக் தாத்தா ஒருவர் இதை எடுத்துப்போய் இரண்டு முறை புதுப்பித்துக் கொண்டார். படிக்க மெதுவாகிறதா என்று கேட்டேன், முடிக்க மனமில்லை என்றார்.

பெயர் போடாத ஒரு சீட்டு 'பெர்சி ஜாக்சன்' வரிசையைப் பற்றியது. கிரேக்கத் தெய்வக் கதை, மேலோட்டமாகப் பார்த்தால் சாகசம்தான். கதாநாயகனுக்கு டிஸ்லெக்ஸியா உண்டு. சீட்டில் இருந்த வரி: "பெர்சிக்கு லெட்டர்ஸ் எல்லாம் மிதக்கும். எனக்கும்." யார் கையெழுத்து என்று தயவுசெய்து தேடாதீர்கள். புத்தகத்தைப் படியுங்கள், போதும்.

ஒரு தகவல். அரையாண்டுக்கு ஒருமுறை நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, சொத்து வரியில் பத்து சதவீதம். அந்தப் பணம் பொது நூலகங்களுக்கானது. ஆகவே நம் அறையில் இல்லாத நாவலைக் கிளை நூலகத்தில் கேளுங்கள். சிறு தொகை கட்டினால் உறுப்பினர் ஆகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்தாவது, பன்னிரண்டாவது வந்ததும் பிள்ளையின் நூலக அட்டையைப் பெற்றோரே கொண்டுவந்து திருப்பித் தருகிறீர்கள். "பரீட்சை முடியட்டும் சார்." பரீட்சை முடிந்து திரும்பி வருபவர்கள் குறைவு. இந்த வருடம் அட்டைகளைத் திருப்பி வாங்குவதாக இல்லை. மார்ச்சிலும் மாலை 5 முதல் 8 வரை நூலகம் திறந்திருக்கும். மஞ்சள் சீட்டுப் புத்தகங்கள் ஜன்னலோர அலமாரியில் தனியாக இருக்கின்றன, பெரியவர்களும் எடுக்கலாம்.