மலையில் பின் பிரேக்

குன்னூர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கார் இந்த இறக்கத்தை இறங்கி முடிப்பதற்குள் வெளியேறும் சக்தியை அப்படியே வெப்பமாகக் கணக்குப் போட்டால், 45 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கும், கொஞ்சம் காற்றில் போகும். மற்றதெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று வழிநெடுக போர்டு வைத்திருப்பது எஞ்சின் தாங்கும் பங்கைக் கூட்டுவதற்காகத்தான்.

இன்றைக்கு நான் பேச வந்தது பின் சக்கரத்து பிரேக்கைப் பற்றி. "முன் பிரேக்தானே வண்டியை நிறுத்துது, பின்னாடி கொஞ்சம் குறைஞ்சா என்ன" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். சமவெளியில் அந்தப் பேச்சு ஓரளவு எடுபடலாம். மலையில் எடுபடாது. பின்னால் பிடிக்காவிட்டால் அந்தச் சூட்டையும் முன் சக்கரங்கள்தான் சுமக்க வேண்டும். அதோடு, இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் பிரேக் ஆயில் குறுக்காக இரண்டு வழியில் போகிறது. வலது பின் சக்கரத்தில் ஆயில் கசிந்து போனால் இடது முன் சக்கரத்தின் பிடியும் சேர்ந்து போய்விடும். ஹேண்ட் பிரேக் வேலை செய்வதும் பின் சக்கரத்தில்தான். மிதி கைவிடும்போது ஓட்டுநர் எட்டிப் பிடிப்பது அதைத்தானே!

நம் நாட்டில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். அதற்கான ஷூவும் வீல் சிலிண்டரும் ஊட்டியிலும் குன்னூரிலும் எளிதாகக் கிடைக்கும். தொல்லை வருவது, உயர்ந்த மாடல்களில் மட்டும் பின்னாலும் டிஸ்க் வைத்து விற்ற கார்களில். 2009 வாக்கில் வந்த ஐ20-யின் மேல் மாடல் அப்படி. 2017 முதல் 2020 வரை விற்ற பலேனோ ஆர்.எஸ். இன்னொன்று. அதே பெயரில் ஓடும் மற்ற பலேனோக்களுக்குப் பின்னால் டிரம். கடையில் பெயரை மட்டும் சொன்னால் டிரம் சாமானை எடுத்து வைப்பார்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் வேண்டும் என்றால், கீழே கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பார்கள். அங்கேயும் இல்லாமல் போகலாம்.

காலிப்பர் மலையில் ஏன் சீக்கிரம் இறுகுகிறது? நாம் வண்டி நிறுத்தும் இடமெல்லாம் சரிவு. வீட்டு வாசல், மார்க்கெட், தேயிலை ஃபேக்டரி முற்றம், எங்கே போனாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம். பின் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்கின் திருகும் இருப்பதால் அதற்கு ஓய்வே கிடையாது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, ஊட்டியில் மார்கழி தையில் உறைபனி. ரப்பர் உறை ஓரிடத்தில் கிழிந்தால் போதும், ஈரம் உள்ளே புகுந்து பிஸ்டனில் துரு ஏறிவிடும். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பேடு டிஸ்க்கை விடாது. ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் சுடும், கருகல் வாடை வரும், மைலேஜ் குறையும். கை வைத்துத் தொட்டுப் பார்க்காதீர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே எந்தப் பக்கம் சுடுகிறது என்பது தெரிந்துவிடும்.

உடனே புதுக் காலிப்பர் வாங்க ஓட வேண்டியதில்லை. கழற்றிப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் வழவழப்பாக இருந்து ரப்பர் மட்டும் போயிருந்தால், சீலும் தூசி உறையும் அடங்கிய ரிப்பேர் கிட் போதும். நகத்தால் தடவும்போது பிஸ்டனில் குழி தட்டுப்பட்டாலோ, உள்ளே ஹேண்ட் பிரேக் திருகு தேய்ந்திருந்தாலோ, கிட் போட்டுப் பயனில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: பிரித்த சாமானை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. கழுவினால் சீல் ஊதிப்போய், புதிதாகப் போட்ட வேலையே வீணாகும். பிரேக் ஆயிலாலேயே கழுவலாம்.

காலிப்பரே வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் போங்கள். அதிலுள்ள 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் நம்பரை வைத்துத்தான் சரியான பார்ட் நம்பரைப் பிடிக்க முடியும். இடது வேறு, வலது வேறு. காற்றை வெளியேற்றும் நிப்பிள் எப்போதும் மேல்பக்கம் இருக்க வேண்டும். பக்கம் மாற்றி மாட்டினால் அது கீழே போய்விடும், காற்று உள்ளேயே தங்கிவிடும், மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். பிஸ்டனின் விட்டம், டிஸ்க்கின் தடிமன், ஹேண்ட் பிரேக் கேபிள் மாட்டும் கொக்கி, மூன்றையும் பழைய சாமானோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பிப் பழைய காலிப்பர் வாங்கிவரலாமே என்ற யோசனையும் வரும். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அங்கே வாங்குங்கள், நல்ல சாமான் கிடைக்கும். பிரேக்கை மட்டும் வாங்காதீர்கள். அந்தக் காலிப்பர் எத்தனை நாள் மழையில் கிடந்தது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. தேய்ந்த பிஸ்டனைக் கோவை லேத் பட்டறையில் கடைந்துவிடலாம் என்பார்கள். அந்தக் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பிஸ்டனுக்கு அளவு மட்டும் போதாது, துருவைத் தாங்கும் மேல்பூச்சும் வேண்டும். அது இல்லாத பிஸ்டன் அடுத்த மழைக்காலத்திலேயே சீலை அறுத்துவிடும். சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-லேயே தொடங்கியது. பிரேக் செய்வதையே தொழிலாகக் கொண்ட மாநிலத்தில் இருந்துகொண்டு, இரண்டு வாரம் காத்திருந்து சரியான சாமானை வரவழைப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

சாமானே கிடைக்காத நிலையை நம் மலை ரயில் பார்த்திருக்கிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை அது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை அதிகபட்சம் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், நடுவில் பல்தண்டவாளம். எஞ்சினில் உள்ள பிரேக்குகள் போதாதென்று, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, எஞ்சின் விசில் கேட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. கடைசித் தொகுதி 1950-களில் வந்தது. அந்தப் பழைய எஞ்சின்களை வருஷக்கணக்கில் பழுது பார்த்தே ஓட்டிவந்தார்கள். பிறகு 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது எக்ஸ் எஞ்சின்களைக் கட்டி மலையேற்றினார்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற எதையாவது மாட்டி அந்தச் சரிவில் ஓட்டுவதைவிட, முழு எஞ்சினையே புதிதாகச் செய்வது மேல் என்று அவர்கள் முடிவெடுத்ததாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

காலிப்பர் வந்து சேரும்வரை காரை நிறுத்தியே வையுங்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எடுக்கும்போது அந்தக் கல்லை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின்னால் வரும் பைக்குக்கு அது எமன். புதுக் காலிப்பரை மாட்டும்போது இரண்டு பக்கத்துப் பேடையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மறுபக்கத்துப் பழைய காலிப்பருக்குள் புதுப் பேடு இறங்க, அதன் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அடித்து அமுக்கினால் திருகு உடைந்துவிடும். பிரேக் ஆயிலும் புதிதாகவே ஊற்றட்டும். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்து, மிதி தரையைத் தொடும். காற்று எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்தால், குழாய் வழியே ஆயில் பாட்டிலுக்குள் குமிழியோடு வரும். ஒவ்வொரு தடவையும் மிதியை விடுவதற்கு முன்பே நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். குமிழி முழுக்க நின்று, ஆயில் நூல் பிடித்த மாதிரி வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அன்றைக்கே மேட்டுப்பாளையம் இறங்கிவிடாதீர்கள். ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள், சரிவில் ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். பிறகு இரண்டாவது கியரில் பர்லியார் வரை இறங்கி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு பின் சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் சுட்டால் சரி. ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால், சூடு ஆறும்வரை அங்கேயே நின்று, நிதானமாக மெக்கானிக்கிடம் திரும்பிப் போங்கள்.