ஆறாம் மாத ஊசியும் இறங்காத விதையும்

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவர்கள் உண்டு. வானொலியில் முகம் தெரியாதது இரு பக்கத்துக்கும் வசதி. ஆண் குழந்தையின் விதைப்பைக்குள் இருக்க வேண்டிய விதைகளில் ஒன்றோ, சிலவேளை இரண்டுமோ, கீழே இறங்காமல் நின்றுவிடுவதுதான் விஷயம். மாதம் நிறைந்து பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் மூன்று நான்கு பேருக்கு இது இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது வரை போகும். பெரும்பாலானவை தாமாக இறங்கி, ஒரு வயதில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் மிஞ்சுவார்கள். அந்த ஒரு பிள்ளை நெடுந்தீவிலோ நயினாதீவிலோ அனலைதீவிலோ இருந்தால், கடல் தாண்டி யாழ்ப்பாணம் போகவேண்டுமே, கொஞ்சம் வளரட்டும் என்று வீட்டில் சொல்லத் தோன்றும். நான் சொல்லப்போவது இதற்கு நேர் எதிரானது. தீவில் இருப்பவர்களுக்குத்தான் இதை நேரத்தோடு முடிக்கும் அவசியம் கூடுதலாக இருக்கிறது.

விதைகள் உருவாவது பையில் அல்ல. வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகே. அங்கிருந்து அவை இரண்டு கட்டமாகக் கீழே வருகின்றன. கருவின் எட்டாம் கிழமை தொடங்கிப் பதினைந்தாம் கிழமை அளவில் முதற்கட்டம் முடிந்து, விதை அரைக்கு மேல், அடிவயிற்றின் வாசலில் வந்து நிற்கும். பிறகு ஓர் இடைவேளை. இருபத்தைந்தாம் கிழமைக்கும் முப்பத்தைந்தாம் கிழமைக்கும் இடையில், அரையில் உள்ள ஒரு குறுகிய வழியால் நழுவிப் பைக்குள் போய்ச் சேரும். குறைமாதக் குழந்தைகளுக்கு ஏன் இது அதிகம் என்பதற்கு இந்தக் கணக்கே விடை: பயணம் முடியுமுன் பிறந்துவிடுகிறார்கள். விதையின் கீழ்நுனியில் கயிறு போன்ற ஒரு நாண் இருக்கிறது. ஜோன் ஹண்டர் என்ற ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் 1762 இல் அதை விவரித்தார். அது விதையைக் கீழே இழுக்கிறதா, வழியை மட்டும் விரித்துக் கொடுக்கிறதா என்ற தர்க்கம் இன்னும் ஓயவில்லை. இவ்வளவு பாடுபட்டு உடலுக்கு வெளியே ஏன் வரவேண்டும் என்று கேட்பீர்கள். விதைப்பை உடலின் உட்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ச்சியானது. விந்தணுவைப் பின்னாளில் தரப்போகும் கலங்களுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். உள்ளே சூட்டில் கிடந்தால் அவை குறைந்துகொண்டே போகும்.

"தானாக இறங்கும், பொறுங்கள்" என்று அம்மம்மா சொல்வது பொய் அல்ல. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு தவணை உண்டு. பிறந்து ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆண் குழந்தையின் உடலில் ஆண் ஹோர்மோன் ஒரு தடவை பொங்கி எழும். பருவமடைதலின் சிறு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டியவை அநேகமாக அந்த வேகத்திலேயே இறங்கிவிடும். ஆறாம் மாதத்தோடு அது அடங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது அபூர்வம். எண்ணெய் பூசி உருவிவிடுவதாலோ, ஹோர்மோன் ஊசியாலோ அதை நம்பிக்கையோடு இறக்க முடியாது. ஆகவேதான் 2007 இல் நோர்டிக் நாடுகளின் நிபுணர்கள் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் சத்திரசிகிச்சை செய்யச் சொன்னார்கள். அமெரிக்காவின் 2014 வழிகாட்டல் பதினெட்டு மாதத்தைக் கடைசி எல்லையாக வைத்தது. பத்து வயதுவரை பார்த்துக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது.

இதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒரு சுவீடன் ஆய்வைச் சொல்லலாம். இந்தக் குறைக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 16,983 ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 2007 இல் வெளியிட்டார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் செய்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குப் பிந்திச் செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். நம் பக்கத்தில் இந்தப் புற்றுநோய் சுவீடனைவிட மிகக் குறைவு என்று யாராவது மறுத்தால் அது நியாயமான மறுப்பு. ஒரு விதை சரியாக இருந்தால் பிள்ளைப்பேற்றுக்குப் பெரும்பாலும் போதும் என்பதும் சரி. இரண்டும் இறங்காதவர்களுக்கோ பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பெரும் கேள்வியாகிவிடும். ஆனாலும் தீவுப் பகுதிக்கு என் வாதம் இந்த இரண்டையும் நம்பி நிற்கவில்லை.

அது நிற்பது வேறொன்றில். இறங்காத விதையோடு பெரும்பாலும் குடலிறக்கம் வருவதற்கான வழியும் திறந்தே இருக்கும். அந்த விதை முறுகிக்கொள்ளவும் கூடும். முறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்; அதைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். யாழ்ப்பாண நகரில் அந்த ஆறு மணி தாராளம். நெடுந்தீவில் பிள்ளை இரவில் அரையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினால், வள்ளம் கிடைத்து, குறிகாட்டுவானுக்கு ஒரு மணி நேரம் கடலில் வந்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவதற்குள் என்ன மிஞ்சும்? வாடைக் காலமென்றால் வள்ளமே ஓடாத நாட்களும் உண்டு. திட்டமிட்ட பயணம் அப்படியல்ல. ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் முழுதாக ஒரு வருடம் இருக்கிறது. பிள்ளை எந்த மாதம் பிறந்திருந்தாலும் கடல் அடங்கிக் கிடக்கும் ஒரு மாசி, பங்குனி அதற்குள் வந்தே தீரும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம் என்பதால் வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டை மட்டும் ஆறாம் மாதத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்காதா என்ற பயம் நியாயமானது. ஏழு நாடுகளில் குடலிறக்கத்துக்காகச் சத்திரசிகிச்சை செய்த 722 சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு முழு மயக்கமும், மற்றவர்களுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்யும் மருந்தும் கொடுத்து, ஐந்து வயதுவரை ஒப்பிட்டார்கள். 2019 இல் வந்த முடிவு: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கத்தால் அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. விதையை இறக்கி வைப்பதும் இதே அரைப் பகுதியில் நடக்கும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடிய வேலைதான். தீவாருக்கு அன்றே திரும்புவது சரிவராது. யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர் வீட்டை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து தொலைபேசியில் பெரியம்மா என்ன சொன்னாலும், பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதைக் கேளுங்கள்.

தொட்டுப் பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் வேண்டாம். இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளுக்கும் ஒன்பதாம் மாத ஊசிக்கும் பிள்ளையைக் கிளினிக்குக்கு எப்படியும் கொண்டுபோகிறீர்கள். பஞ்சாடையைக் கழற்றி, இரண்டு விதையும் இருக்கிறதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. குளிர்ந்த கை பட்டால் நல்ல விதையும் மேலே ஏறி ஒளிந்துகொள்ளும்; ஆகவே வீட்டில் இளஞ்சூட்டு நீரில் குளிக்க வார்க்கும்போது பார்ப்பது நல்லது. அப்போது இறங்கி நின்றால் பயமில்லை; ஆனாலும் வருடாவருடம் பார்த்துக்கொள்ளுங்கள், வளரும்போது மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறவையும் உண்டு. ஒன்றை மட்டும் ஆறு மாதம் வரை விடவேண்டாம்: பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படாவிட்டால் வைத்தியசாலையை விட்டு வரமுன்னரே சொல்லுங்கள். அது ஆண் குழந்தைபோலத் தோன்றும் பெண் குழந்தையாக இருக்கலாம். அப்படியானால், அதற்குக் காரணமான சுரப்பிக் கோளாறால் உடலின் உப்பு குறைந்து, இரண்டாம் கிழமையளவில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

நேரம் முடிகிறது. சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது: பதினைந்து வயதாகும்போது, மாதம் ஒருமுறை தானே தொட்டுப் பார்க்கவும், வீக்கமோ கட்டியோ தெரிந்தால் உடனே சொல்லவும் அவனுக்குப் பழக்கிவிடுங்கள்.