கப்பல் அவர்களுடையது, வாளி நம்முடையதா?

(சாயர்புரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

தோழர்களே!

கூலியைப் பற்றிப் பேசுவான் என்று வந்தால் கப்பலைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். சாயர்புரத்தில் கடல் இல்லை, உண்மைதான். ஆனால் நம் குழம்புச் சட்டிக்கு மீன் எங்கிருந்து வருகிறது? சோற்றில் போடும் உப்பு எங்கே விளைகிறது? தூத்துக்குடிக் கடல் கெட்டால் அந்த அடி நம் வயிற்றிலும் விழும்.

2017 ஜனவரி 28. விடியுமுன், எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பி.டபிள்யூ. மேப்பிள், மற்றொன்று எண்ணெய் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம். கடலுக்குப் பாதகம் இல்லை என்றது துறைமுக நிர்வாகம். கரிய எண்ணெய் கரையில் வந்து ஒதுங்கியபோது உண்மை தானே வெளிவந்தது.

எரி எண்ணெய் கனமானது. அது நீரில் மிதந்து பரவும், அலை கடையக் கடையச் சேறுபோல் இறுகும், பாறையிடுக்கில் அப்பிக்கொள்ளும். அப்புறம் குழாய் வைத்து உறிஞ்சினாலும் இழுக்காது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் முக்கியம். அதற்குள் மிதவை வேலி போட்டு வளைத்தால் கரை தப்பும். எண்ணூரில் அந்த நேரம் பொய்யில் கழிந்தது. முடிவில் என்ன நடந்தது? மீனவர்களும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் வாளியால் அள்ளினார்கள். சென்னையில் மீன் வாங்க ஆளில்லை. கூடை சுமந்து விற்கும் பெண்களின் அடுப்பு அணைந்தது.

இந்தியாவில் திட்டம் இல்லையா? இருக்கிறது. எண்ணெய்க் கசிவைச் சமாளிக்கும் தேசியத் திட்டம் 1996 முதல் கடலோரக் காவல்படையின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் உள்ள திட்டம் எண்ணெயை அள்ளாது! 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர் கையில் வாளிதான் இருந்தது.

இனி நம் கடலைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாயின. வான் தீவும் காசுவாரியும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. பவளப்பாறை, கடற்புல், சங்கு, முத்துப்பார் எல்லாம் ஆழமற்ற நீரில் இருக்கின்றன. இங்கே எண்ணெய் படிந்தால் மீன் குஞ்சு பொரிக்கும் இடமே பாழாகும். அதே நீரைப் பாய்ச்சும் உப்பளமும் நிற்கும்.

ஆபத்து தொலைவில் இல்லை. 2020 செப்டம்பரில், சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் பாரதீப்புக்கு வந்த நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்கே தீப்பிடித்தது. ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளி மாண்டார். சரக்கு எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியது. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரியையும் தனுஷ்கோடியையும் எட்டின. கடலுக்கு வரப்பு கிடையாது, தோழர்களே!

கப்பல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. துறைமுகம் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. நாம் கேட்பது இவைதான்:

விபத்து நடந்த உடனே மீனவக் கிராமங்களுக்கு உண்மையைச் சொல்! மிதவை வேலியும் உறிஞ்சும் இயந்திரமும் துறைமுகத்தில் தயாராக இருக்கட்டும். மீனவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒத்திகை நடத்து! துப்புரவு செய்பவருக்குக் கையுறை, காலுறை, கூலி, வைத்தியம் கொடு! நஷ்டஈட்டைப் படகுச் சொந்தக்காரரோடு நிறுத்தாதே. படகில் கூலிக்குப் போகிறவருக்கும், மீன் விற்கும் பெண்ணுக்கும், உப்பளத் தொழிலாளிக்கும் கொடு!

1967-ல் இங்கிலாந்தின் கரையோரம் டாரி கேனியன் கப்பல் உடைந்து லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. கப்பல் முதலாளியே ஈடு கட்டவேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் அதன் பிறகுதான், 1969-ல், பிறந்தது. நாம் கொட்டும்வரை காத்திருக்க வேண்டுமா?

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள், ஊர் ஜனங்கள் துணை நின்றார்கள், தொழிலாளர்கள் வென்றார்கள். அன்று ஆலைக்கு ஊர் துணை நின்றது. இன்று கடலோர மக்களுக்கு ஆலையும் வயலும் துணை நிற்கட்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்!