எழுதுகோல் ஏந்தப் போகும் பிள்ளைகளுக்கு

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு நிதி பெறும் பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தேன். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று வரிசையாக வந்த இடத்தில், இதழியல் என்று ஒரு விண்ணப்பமும் இருந்தது. "பேப்பர்காரன் வேலைக்குப் பட்டம் எதற்கு? தமிழ் நேசனையே மூடிவிட்டார்களே!" என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நரசிம்ம ஐயங்கார் 1924-இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனைத் தொடங்கினார். கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்தில் ஒருவர் வாசிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலம் அது. 1950-களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாக விளங்கினார்கள். அக்காலத்துப் பத்திரிகையாளர்களில் பெரும்பாலோர் இதழியல் கல்லூரியின் வாசலை மிதித்தவர்கள் அல்லர். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த துணையாசிரியர் திருத்தித் திருத்தியே அவர்களை ஆளாக்கினார்.

தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது நமக்கெல்லாம் வருத்தமே. ஆனால் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று தமிழில் செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. குறைந்துபோனது அலுவலகத்தில் ஆள்பலம். புதிதாக வருகிறவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுக்க இன்று எவருக்கும் நேரமில்லை. அந்த மூத்த துணையாசிரியரின் வேலையை இப்போது கல்லூரிதான் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் படிப்பு வேண்டும் என்கிறேன்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், ஓர் ஆலயத்தின் அன்னதான மண்டபத் திறப்பு விழாவைப் பற்றி எழுதினேன். பெரியவர் ஒருவர், காலமான தம் மனைவியின் நினைவாக நன்கொடை கொடுத்திருந்தார். அந்த அம்மாவின் பெயரை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்காமல் தவறாக எழுதிவிட்டேன். இரண்டு பஸ் மாறி அந்தப் பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை. "அவ பேரு பேப்பர்ல வரும்னு இருந்தேன் தம்பி," என்று மட்டும் சொன்னார். மறுவாரம் திருத்தம் போட்டோம். ஆனால் அவர் வெட்டி வைத்துக்கொள்ள நினைத்த முதல் செய்தியை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

பிள்ளைகளே, கல்லூரியில் இதே தவற்றைச் செய்தால் மதிப்பெண் போகும். வெளியே செய்தால் ஒரு மனிதரின் மனம் நோகும், சில வேளை அவருடைய மானமே போகும். மூன்று நான்கு ஆண்டுகள் தவறு செய்து திருந்துவதற்கென்றே உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வதுதான் படிப்பின் பயன். அதற்கு மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பத்திரத்தைத் தேடிப் போகும் பழக்கம். நம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண் சண்டி என்ற பழங்காலக் கோயிலின் அடித்தளம் இருந்தது. வீடமைப்பு வேலைக்காக அது இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. நிலம் தனியாருடையது, சின்னம் கெஜட்டில் பதிவு பெறவில்லை என்ற விவரமெல்லாம் அதன் பிறகே பலருக்கும் தெரிந்தது. 2005-ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுடைமைச் சட்டம் வந்துவிட்டது. இடிபடுவதற்கு முன்பே ஒரு நிருபர் நில அலுவலகத்தின் படியேறி, "இது யார் நிலம்? கெஜட்டில் இருக்கிறதா?" என்று கேட்டு எழுதியிருந்தால், அந்தச் செங்கல் மேடை இன்றும் நின்றிருக்கக் கூடும். இடிந்த பின் அழுது எழுதுவது எளிது. இடியும் முன் கேட்பதற்குத்தான் படிப்பு வேண்டும். ஆகவே, நிலப் பட்டா, கெஜட், சங்கக் கணக்கு, வரவு செலவு அறிக்கை ஆகியவற்றை வாசிக்கக் கல்லூரியிலேயே பழகுங்கள். நம் ஆலயத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கி வாசித்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, சரிபார்த்த பிறகே சொல்லும் பழக்கம். ஆற்றுக்கு அக்கரையில், பினாங்கு எல்லைக்குள் நடக்கும் பாசார் பிசிக் மீன் ஏலத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே விலையைக் காதோடு காதாகச் சொல்வார்கள். மீனுக்கு அது பொருந்தும். ஊர்ப் பொதுக் காரியம் காதோடு காதாகப் போனால் அது வதந்தி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஏறக்குறைய ஒன்பது மணிக்குச் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. நண்பகலுக்குப் பிறகே நம் கோத்தா கோலா மூடா கரையில் கடல் ஏறியது. இடையில் சில மணி நேரம் இருந்தும், எச்சரிக்கை எதுவும் கடற்கரை மக்களை வந்தடையவில்லை. நாட்டில் 68 பேர் மாண்டனர். உடைந்த படகுகளை நினைவுச் சின்னமாக இன்றும் வைத்திருக்கிறோம். நேரத்தோடு வரும் உண்மைச் செய்தி உயிரைக் காக்கும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டாம். இன்றோ கைப்பேசியில் நொடிக்கு ஒரு செய்தி வருகிறது. எது மெய், எது பொய் என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். யார் சொன்னார், அவர் நேரில் கண்டாரா, இன்னொருவர் உறுதிப்படுத்துகிறாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். துக்க வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போனால், முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களுடன் அமருங்கள். குறிப்பேட்டைப் பிறகு எடுக்கலாம்.

மூன்றாவது, மூன்று மொழியிலும் வேலை செய்யும் பழக்கம். அரசாங்க ஏடு மலாயில் இருக்கிறது. உலகச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. நம் தாய்மார்களுக்கோ தமிழில் சொல்ல வேண்டும். தினமும் ஒரு மலாய்ச் செய்தியைத் தமிழில் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றாமல், பாட்டிக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். பாட்டிக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று பொருள்.

இவற்றோடு சட்டமும் படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டமும், 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டமும் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் எழுதுகோலைத் தொடுவது, லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது போல. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறை மாணவர்கள் பெரித்தா கம்புஸ் என்ற ஏட்டைத் தயாரித்துப் பழகி வந்திருக்கிறார்கள். உங்கள் கல்லூரியிலும் அத்தகைய ஏடு இருந்தால் முதல் ஆண்டிலேயே சேர்ந்துவிடுங்கள். தொழிற்பயிற்சிக்குப் போகும் இடத்தில் உங்கள் செய்தியை வெட்டினால் முகம் சுளிக்காதீர்கள். "ஏன் வெட்டினீர்கள் ஐயா?" என்று பணிவாகக் கேட்டு, சொன்ன காரணத்தை எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததல்ல.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கியது நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை. பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த வரலாறு அது. அதை நேரில் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயம் கலைந்து, கோயில் மட்டும் நிற்கும் இடங்களும் நம்மிடையே உண்டு. அந்தக் கோயிலைக் கட்டியவர் யார், முதல் திருவிழா எப்போது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

ஆகவே, இன்று நிதி பெறும் இந்தப் பிள்ளையிடம் நாம் ஒன்று கேட்போம். ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு தோட்டக் கோயிலுக்குச் சென்று, பெரியவர்களிடம் கேட்டு, பத்திரங்களைப் பார்த்து, பெயர்களையெல்லாம் சரிபார்த்து, ஒரு கட்டுரை எழுதித் தரட்டும். அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்குப் பயிற்சி, நமக்கு வரலாறு. கொடுத்த நிதி வட்டியோடு திரும்பி வரும்.

"பட்டம் எதற்கு?" என்று கேட்ட பெரியவர் இந்த அவையில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஐயா, உங்கள் அம்மாவின் பெயர், உங்கள் தோட்டத்தின் பெயர், உங்கள் குலதெய்வத்தின் பெயர் தவறில்லாமல் அச்சில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எல்லாம் வல்ல இறைவன் இப்பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் நெஞ்சில் நேர்மையும் அருள வேண்டுகிறேன்.