முதல் பணம் எந்தச் சோதனைக்கு?



இந்த இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களுள் என் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கத் தலைமை உரை ஆற்றுவது எனக்குப் பெரும் பேறு. உள்ளூர அச்சமும் இருக்கிறது. பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

கல்விக்கூடங்களின் உயிர்மருத்துவ ஆய்வைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் முன்னோட்ட நிதி பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இதன் வரலாறு இந்த அவைக்குப் புதிதல்ல. அரசுப் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள அமெரிக்காவின் பே-டோல் சட்டம் 1980இல் வழிவிட்டது. சிறு நிறுவனங்களுக்கான எஸ்.பி.ஐ.ஆர். நிதி அங்கே 1982இல் வந்தது. நம் உயிரித்தொழில்நுட்பத் துறை 2005இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் அத்துறையின் பைராக் அமைப்பு பிறந்தது. அதன் 'பிக்' நிதி 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பே-டோலைப் பின்பற்றி 2008இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே இல்லை. இவற்றையெல்லாம் அமர்வுகளில் விரிவாகப் பேச வல்லுநர்கள் வந்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: அந்த 50 லட்சத்தில் முதல் ரூபாயை எதற்குச் செலவிட வேண்டும்?

மதிப்பீட்டாளராக நான் படித்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. முதல் ஆறு மாதம் மாதிரிக் கருவி, அடுத்து விலங்குச் சோதனை, கடைசியில் காப்புரிமையும் சந்தை ஆய்வும். மைல்கற்கள் எல்லாம் வெற்றியின் மைல்கற்கள். இந்தக் கருத்து தவறு என்றால் அது எந்த மாதத்தில், எந்தச் சோதனையில் தெரியவரும் என்று எழுதியவர் மிகச் சிலரே. அடிப்படை முடிவை வேறொரு ஆய்வகம் செய்து பார்த்ததா என்ற கேள்விக்கு 'ஆய்விதழில் வெளிவந்துள்ளது' என்று பதில் வருகிறது. அது பதிலாகாது. ஆம்ஜென் நிறுவனத்தார் புற்றுநோய்த் துறையின் 53 முதன்மை ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். 6 மட்டுமே தேறின என்று 2012இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பேயர் நிறுவனத்தார் தந்த கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. எந்தெந்த ஆய்வுகள் என்பதை அந்நிறுவனங்கள் அன்று வெளியிடவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் ஆய்விதழில் வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பி மக்கள் பணத்தைப் போடக்கூடாது என்பதற்கு அந்த எண்ணே போதும்.

முன்பொரு மாநாட்டில், முதல் பணம் மறுசோதனைக்கே போக வேண்டும் என்ற என் வாதத்தை என் பெருமதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மறுத்தார். மறுசோதனை கல்விக்கூடத்தின் வேலை, முன்னோட்ட நிதியின் வேலையல்ல என்றார். அன்று நேரமின்மையால் நான் சொல்ல முடியாமல் போனதை இன்று சொல்கிறேன். கல்விக்கூடத்தில் அந்த வேலைக்குப் பணம் தருபவர் யார்? ஆராய்ச்சி நிதி அமைப்புகள் புதுமை கேட்கின்றன. ஆய்விதழ்களும் அதையே கேட்கின்றன. ஏற்கெனவே சொன்னது மெய்யா என்று பார்க்கப் பணம் தரக்கூடிய ஒரே இடம் இந்த நிதிதான். இங்கும் தராவிட்டால் அந்தச் சோதனையை முதலீட்டாளர் செய்வார், அல்லது நோயாளியின் உடல் செய்யும்.

கருத்தை வீழ்த்தக்கூடிய சோதனையை முதலில் செய்வதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. மேலைநாட்டு எடுத்துக்காட்டுகளை அடுக்கும் நம் கட்டுரைகள் அதைத் தொடுவதே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் வழிகாட்டுதலில் உருவான செயற்கை இதய வால்வைச் சொல்கிறேன். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. பிறகு ஒரு லட்சம் பேருக்கு மேல் அதைப் பெற்றார்கள். மேடைகளில் பேசப்படுவது இந்தப் பகுதி. நாம் படிக்க வேண்டியது அதற்கு முந்தைய பகுதி. மனித இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. அத்தனை முறை திறந்து மூடியும் தேயாமல், உடையாமல், ரத்தம் உறையவிடாமல் இருக்க வேண்டும் என்பதால், பல ஆண்டுத் தேய்மானத்தைச் சில மாதங்களில் காட்டும் சோதனைக் கருவிகளில் அவர்கள் வால்வை இட்டார்கள். முந்தைய மாதிரிகள் தோற்றன. சபையர் வட்டு கொண்ட மாதிரி மனித உடலுக்குள் போகாமலே கைவிடப்பட்டது. கோபால்ட்-குரோமியக் கலவைச் சட்டகத்தில் பாலிஎத்திலீன் வட்டு அமைந்த வடிவம் அதன் பிறகே வந்தது. இந்தத் தோல்விகளை அந்தக் குழு மறைக்கவில்லை, எழுதிவைத்தது. நம் நாட்டு மருத்துவக் கருவி வரலாற்றில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள ஆவணம் இல்லை.

'அவர்களுக்கு அரசுச் சம்பளம் இருந்தது, பத்தாண்டுக்கு மேல் நேரம் இருந்தது. 18 மாத ஸ்டார்ட்அப்புக்கு அது பொருந்தாது' என்கிறார்கள். நேரம் குறைவு என்பதாலேயே அது பொருந்துகிறது. பத்தாண்டு கையில் இருப்பவர் எந்த வரிசையிலும் சோதிக்கலாம். பதினெட்டு மாதமே உள்ளவர் கருத்தை வீழ்த்தக்கூடிய சோதனையைத்தான் முதலில் செய்தாக வேண்டும்.

    

தேர்வுக் குழுக்களில் இருப்பவர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். எந்த முடிவு வந்தால் திட்டத்தை நிறுத்துவேன் என்று விண்ணப்பதாரர் எண்ணோடு எழுதும் ஒரு பத்தி படிவத்தில் வேண்டும். முதல் தவணை, விண்ணப்பதாரரோடு தொடர்பில்லாத இன்னோர் ஆய்வகத்தில் அடிப்படை முடிவை மறுபடி பெறுவதற்கே போக வேண்டும். ஆறாம் மாதத்தில் நேர்மையாகத் தோற்று, காரணத்தை எழுதி, மீதிப் பணத்தைத் திருப்பித் தருபவரின் திட்டம் முடிந்த திட்டமாகப் பதிவாக வேண்டும். அடுத்த விண்ணப்பத்தில் அது அவருக்குக் கறையாகக் கூடாது. மூன்றாவது கோரிக்கையை ஏற்காமல் முதல் இரண்டை மட்டும் ஏற்பதில் பயனில்லை. தண்டனைக்கு அஞ்சுபவர் கைவசம் உள்ள எண்ணை வளைப்பார். இந்த மூன்றையும் தீர்மான வரைவாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நிறைவு அமர்வில் அது விவாதத்துக்கு வரும். மறுப்பவர்கள் தங்கள் மறுப்பை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.